உப்புக் காற்றில் ஒரு கார் ஸ்டீரியோ

பரமக்குடியில் கிளம்பும்போது தெளிவாகக் கேட்ட பாட்டு உச்சிப்புளி தாண்டியதும் இரைய ஆரம்பிக்கிறது. மண்டபத்தில் பாட்டுக்குள் வேறொருவர் பேசுகிறார். பாம்பன் பாலத்தில் ஏறினால் பாட்டு போய்விட்டது. பேசியவர் மட்டும் இருக்கிறார், இலங்கைத் தமிழில் செய்தி வாசித்துக்கொண்டு. போனில் ஓடும் பாட்டை ப்ளூடூத்தில் வாங்கி எஃப்.எம். அலையாகக் கார் ரேடியோவுக்கு அனுப்ப, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை நம்பி இந்தச் சாலையில் ஓட்டும் பலருக்கும் இது தெரிந்த சங்கதி.

அந்த நேரத்தில் ஓட்டுபவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு கை ஸ்டியரிங்கை விட்டுக் கீழே போகிறது. பட்டனைத் தேடிக் கண்ணும் கூடவே போகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும். இரண்டு நொடி கண்ணை எடுத்தால் 33 மீட்டர், சாலையைப் பார்க்காமலே ஓடிய தூரம். சாயல்குடிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீமைக்கருவேலம் ரோட்டோரம் வரை அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குள்ளிருந்து ஓர் ஆடு குறுக்கே வர அவ்வளவு தூரம் தேவையில்லை.

காரில் பாட்டுக் கேட்பதையும் போன் பேசுவதையும் பற்றிப் பேசும்போது வசதியை ஒரு பக்கமும் பாதுகாப்பை இன்னொரு பக்கமும் வைத்துப் பேசுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது என் கருத்து. ஒழுங்காக வேலை செய்கிற கார் ஸ்டீரியோ செட்டை யாரும் தொடுவதில்லை. இரைகிற செட், விட்டு விட்டு வருகிற செட், எதிர்முனையில் இருப்பவர் "கேக்கல, கேக்கல" என்று கத்துகிற செட், இவைதான் கையையும் கண்ணையும் இழுக்கின்றன. ஆகவே ஒவ்வொரு கோளாறுக்கும் காரணத்தைத் தெரிந்துகொண்டு வண்டி நிற்கும்போதே தீர்த்துவிட வேண்டும். ராமநாதபுரம் கடற்கரையில் அந்தக் காரணங்களில் பாதி, கடலிலிருந்து வருபவை.

அலைவரிசைக்கு அக்கரையிலிருந்தும் ஆள் வருவார்கள்

எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். தரையில் மரமும் கட்டடமும் மேடும் அதைத் தின்றுவிடும். கடலுக்கு மேல் தடுக்க ஒன்றுமில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். போதாததற்கு, காற்றில்லாத வெயில் நாட்களில் கடலை ஒட்டி ஈரக் காற்றும் அதற்கு மேல் உலர்ந்த சூடான காற்றும் அடுக்காகப் படியும். அந்த அடுக்குக்குள் மாட்டிக்கொண்ட அலை மேலே தப்பிப் போகாமல் கடலோடு ஒட்டியே வெகுதூரம் ஓடிவரும். மதியம் காலியாக இருந்த இடத்தில் ராத்திரி ஒரு நிலையம் முழுசாக உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

எஃப்.எம். ரிசீவருக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல் வந்தால் இரண்டையும் கலந்து தராது. வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். டிரான்ஸ்மிட்டர் சில மீட்டர் மட்டும் எட்டுகிற சின்னப் பொருள். வெளிநிலையம் அதைவிட வலுக்கும் இடம் வந்ததும் பாட்டு அடங்கி அவர் பேச்சு மேலே வந்துவிடுகிறது. இரண்டும் சமமாக இருக்கும் ஓரிரு கிலோமீட்டரில்தான் அந்த மாறி மாறி அடிக்கும் தொல்லை.

அலைவரிசையை வீட்டு வாசலில் வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. போகும் வழியில் கடலுக்கு மிக அருகில் இருக்கும் இடத்தில், மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ ஓரமாக நிறுத்தித் தேர்ந்தெடுங்கள். முதலில் டிரான்ஸ்மிட்டரைப் பிடுங்கிவிட வேண்டும். ஆட்டோ ஸ்கேன் வேண்டாம். அது வலுவான நிலையத்தில் மட்டும் நிற்கும், மெலிந்த நிலையத்தைத் தாண்டிப் போய்விடும், நமக்குத் தொல்லை தரப்போவது அந்த மெலிந்ததுதான். கையால் 0.1 ஆக நகர்த்துங்கள். வெறும் இரைச்சல் மட்டும் கேட்கிற இடம் வேண்டும். அதற்கு இரு பக்கமும் 0.2 மெகாஹெர்ட்ஸ் வரை அதே வெறும் இரைச்சல் இருக்க வேண்டும். முதலில் தேட வேண்டியது 87.5-க்கும் 88-க்கும் இடைப்பட்ட ஓரம். கிடைத்த இடங்களில் மூன்றை ரேடியோவின் முதல் மூன்று பிரீசெட்டில், அதாவது நிலையத்தை நினைவில் வைக்கும் பட்டன்களில், போட்டுவையுங்கள். டிரான்ஸ்மிட்டரையும் அதே அலைவரிசைக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், ஓட்டிக்கொண்டே மாற்றுவது மட்டும் கூடாது.

ஓர் இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள்: 90.4. பாம்பனிலிருந்து வரும் கடல் ஓசை சமுதாய வானொலி அது, 2016 முதல் மீனவ மக்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறது. ராமேஸ்வரம் தீவுக்குள் ஓட்டும்போது பாட்டை நிறுத்திவிட்டு அதைக் கேட்பதே நல்லது என்பேன். 100.5-ம் ஆகாது, கொடைக்கானல் மலையுச்சியிலிருந்து வருவது சமவெளியில் வெகுதூரம் எட்டும்.

இவ்வளவும் செய்தும் இரைந்தால் ஆன்டெனாவின் அடியைப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் திருகு உட்காரும் இடத்தில் பாடியின் உலோகத்தைத் தொட்டு எர்த் ஆக வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடித்துவிட்டால் ஆன்டெனா வெறும் கம்பி. கழற்றி, துருவைச் சுரண்டி, கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினால் வித்தியாசம் அப்போதே தெரியும்.

எதிர்முனைக்குக் கேட்காத குரல்

இதே டிரான்ஸ்மிட்டரில் போன் பேசுவதுதான் பெரிய ஏமாற்றம். அதன் மைக் அதற்குள்ளேயே, கியர் லீவருக்குப் பக்கத்தில், வாயிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தில் அது முதலில் கேட்பது ஏசி புளோயரையும் டயர் சத்தத்தையும்; அதற்குப் பிறகுதான் உங்கள் குரலை. நீங்கள் கத்துவீர்கள், அவரும் கத்துவார், கடைசியில் போனைக் கையில் எடுப்பீர்கள்.

ஆண்ட்ராய்டு போனில் ப்ளூடூத் பட்டியலில் அந்தக் கருவியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தைத் தொட்டால் 'போன் அழைப்புகள்', 'மீடியா ஆடியோ' என்று இரண்டு சுவிட்ச் தனித்தனியாக இருக்கும். அழைப்பை அணைத்துவிட்டு மீடியாவை மட்டும் விடுங்கள். பாட்டு டிரான்ஸ்மிட்டர் வழியாகவே வரும். அழைப்பு போனுக்கே வரும். ஐபோனில் அமைப்புகளுக்குள் 'அணுகல்தன்மை', அதற்குள் 'தொடுதல்', அதற்குள் அழைப்பின் ஒலி எங்கே போக வேண்டும் என்ற தேர்வு இருக்கிறது. அதை ஸ்பீக்கருக்கு மாற்றலாம். போனை முகத்துக்கு நேரே ஸ்டாண்டில் வைத்து ஸ்பீக்கரில் பேசுவது, கீழே கிடக்கிற மைக்கில் பேசுவதைவிடப் பல மடங்கு தெளிவு. இரண்டு காதிலும் இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு ஓட்டுவதை நான் ஒப்பமாட்டேன். பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சத்தம் காதில் விழ வேண்டும்.

நல்ல வழி, ப்ளூடூத் உள்ள செட்டும் அதற்குத் தனி மைக்கும். செட்டின் விலை இரண்டாயிரமா இருபதாயிரமா என்பதைவிட மைக் எங்கே இருக்கிறது என்பதே குரலைத் தீர்மானிக்கும். செட் வாங்கும்போது பெட்டிக்குள் மூன்று மீட்டர் ஒயரோடு ஒரு சின்ன மைக் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள்; கடையில் அவசரத்தில் மாட்டாமல் விடுவது இதைத்தான். அதை முன்கண்ணாடியின் வலப்பக்கத் தூணின் மேல்முனையிலோ சன்வைசரின் ஓரத்திலோ, வாயிலிருந்து 30 முதல் 50 சென்டிமீட்டருக்குள், வாயைப் பார்த்தபடி பொருத்த வேண்டும். ஒயரைத் தூணின் பிளாஸ்டிக் மூடிக்குள் இறக்கி டேஷ்போர்டுக்குப் பின்னால் கொண்டுவரலாம். அந்தத் தூணில் ஏர்பேக் என்ற எழுத்து இருந்தால் மூடியைக் கழற்றாமல், ஒயரைக் கதவு ரப்பரின் விளிம்போடு கொண்டுவாருங்கள். ஸ்டியரிங் கவரில் ஒட்டினால் ஏசி காற்று நேரே அடிக்கும்.

காற்று இங்கே தனிப் பிரச்சினை. ஆடியில் பாம்பன் பாலத்தில் பக்கவாட்டாக அடிக்கிற காற்று, ஒரு விரல் அளவு திறந்த கண்ணாடி வழியாக வந்தாலே மைக்கை மூடிவிடும். அந்தச் சத்தத்தில் பெரும்பகுதி நம் காதுக்குப் பெரிதாகத் தெரியாத அடித்தொனி. மைக்கின் தோலை அது தள்ளிப் பிடித்துக்கொள்வதால் மேலே வரும் குரல் உடைந்து போகிறது. மைக்குக்கு ஒரு ஸ்பாஞ்சுக் குல்லா போட்டால் பாதி குறையும். மீதிக்குக் கண்ணாடியை ஏற்றத்தான் வேண்டும்.

எதிர்முனையில் இருப்பவர் தன் குரலே திரும்பிக் கேட்கிறது என்றால், அது உங்கள் பக்கத்துக் கோளாறு. அவர் குரல் உங்கள் ஸ்பீக்கரில் வந்து, உங்கள் மைக்கில் ஏறி, அவருக்கே போகிறது. செட்டுக்குள் எதிரொலியைக் கழிக்கும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அது ஸ்பீக்கருக்கு அனுப்பிய ஒலியை அப்படியே கழிப்பது. சத்தம் கூடி ஸ்பீக்கர் உடைந்து ஒலித்தால் அனுப்பியது ஒன்று, மைக்குக்கு வந்தது இன்னொன்று, கணக்கு ஒட்டாது. செட்டின் சத்தத்தை இரண்டு மூன்று படி குறையுங்கள், மெனுவில் மைக் கெயினையும், அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவையும், ஒரு படி குறையுங்கள். பெரும்பாலும் அதோடு தீரும்.

சோதித்துப் பார்க்க வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு இஞ்சின் அணைத்து ஒரு நிமிடம், ஏசி புளோயரை மூன்றில் வைத்து ஒரு நிமிடம் பேசுங்கள். பிறகு வேறொருவர் ஓட்ட, மணிக்கு 60-ல் நீங்கள் முன்சீட்டிலிருந்து பேசுங்கள். எப்போது கேட்காமல் போகிறது என்று எதிர்முனை சொல்லட்டும். நமக்கு நம் குரல் எப்போதும் நன்றாகத்தான் கேட்கும்.

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம் வளைகுடா நாடுகளிலிருந்து வரும் அழைப்பு அதிகம். அதில் பெரும்பாலானவை செயலி வழியாக வருபவை. சாதாரண அழைப்பு வரும்போது போன் 'இது அழைப்பு' என்று காருக்குச் சொல்லி, செட் பாட்டை நிறுத்தி மைக்கைத் திறக்கும். சில செயலிகள் அப்படிச் சொல்வதில்லை. அப்போது சத்தம் போனிலேயே வரும், அல்லது காரில் அவர் குரல் கேட்கும், ஸ்டியரிங்கில் உள்ள பச்சைப் பட்டன் மட்டும் வேலை செய்யாது. நீங்கள் எந்தச் செயலியில் பேசுகிறீர்களோ அதை நிறுத்திய வண்டியில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பட்டனில் எடுக்க முடியாத அழைப்பு என்றால், அது வண்டியை நிறுத்தியபின் பேச வேண்டிய அழைப்பு.

எர்த், ஒயர், களிம்பு

போனின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து செட்டுக்குப் போகும் ஆக்ஸ் கேபிளில் கேட்பவர்களுக்கு வரும் நோய் வேறு. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு 'கீ…' சத்தம் ஏறி, விட்டால் இறங்கும். இது ஆல்டர்னேட்டரின், அதாவது இஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியின், சத்தம். போனை அதே 12 வோல்ட் சாக்கெட்டில் சார்ஜும் போட்டு, ஆக்ஸிலும் மாட்டினால், எர்த் இரண்டு வழியாகச் செட்டுக்குப் போகிறது. இரண்டு வழிக்கும் இடையில் உள்ள சிறு மின்வித்தியாசம் பாட்டோடு சேர்ந்து பெருகுகிறது. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் நோய் இதுதான். பவர் பேங்கில் சார்ஜ் போட்டுக்கொள்வது செலவில்லாத மருந்து. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன டப்பா விற்கிறது. உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். கீச்சலை நிறுத்தும், ஆனால் மலிவானதில் கூடவே தவிலும் பேஸும் மெலிந்து போகும்.

சார்ஜரைப் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் செட்டின் சொந்த எர்த்தைப் பாருங்கள். கறுப்பு ஒயர் ஏதோ ஒரு பிராக்கெட் திருகில் பெயின்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கும். பாடியின் கெட்டியான உலோகத்தில், பெயின்டைச் சுரண்டி, வளையம் அடித்துத் திருகி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். கடலோரத்தில் அந்த கிரீஸை விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடி அதே சத்தம்.

இன்னொரு கோளாறு, முதல்முறை கேட்பவரைக் குழப்பிவிடும்: பாடகர் குரல் காணாமல் போய், வாத்தியங்கள் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். செட் கெடவில்லை. ஆக்ஸ் பின்னில் எர்த் தொடவில்லை. எர்த் இல்லாதபோது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகும்; குரல் இரண்டிலும் ஒரே அளவில் இருப்பதால் கழிந்துவிடுகிறது. பின்னைப் பாருங்கள். அதில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது மைக் உள்ள ஹெட்செட்டுக்கான பின்; இரண்டு வளையம் உள்ளதே காரின் ஆக்ஸுக்குச் சரி. இரண்டு வளையமே இருந்தும் இப்படிக் கேட்டால் பின்னில் அழுக்கு, அல்லது கேபிள் முனையில் அறுந்திருக்கிறது.

போனின் சத்தத்தை எண்பது சதவீதத்தில் நிறுத்திவிட்டு, மீதியைச் செட்டில் கூட்டுவதே முறை. போனில் குறைத்து, செட்டில் ஏற்றினால் இரைச்சலைத்தான் பெருக்குகிறீர்கள். பிறகு ரேடியோவுக்கு மாற்றியதும் காதைப் பிளக்கிற சத்தம் வந்து ஓட்டுபவர் பதறுவார்.

செட் மாற்றும்போது ஒயரின் நிறத்தை நீங்களும் தெரிந்துவைத்திருங்கள். வெளிச்சந்தையில் விற்கும் செட்டுகளில் மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு, சிவப்பு சாவி போட்டால் வருகிற கரண்ட், கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது ஸ்பீக்கர். அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது அதனதன் மைனஸ். மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிப் பேட்டரியில் கொடுத்துவிட்டால் செட் தூங்காது. நாலைந்து நாள் வண்டியை எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிப்போகும். இரண்டையும் சாவிக் கரண்டில் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் நிலையங்களையும் ஜோடி சேர்த்த போனையும் மறந்துவிடும். 'செட்டுக்கு ஞாபகமே இல்லை' என்று திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த மஞ்சள் ஒயரை. அதில் ஃப்யூஸ் இல்லாமல் நேரடியாக இழுக்க விடாதீர்கள்.

முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு இந்த ஊருக்கு ஆகாது. வெயிலில் டேப்பின் பசை உருகி வழியும். திறந்த செம்பில் உப்பு ஈரம் ஏறிப் பச்சைக் களிம்பு பிடிக்கும். சால்டர் வைத்து, சுருங்கு குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடும்.

களிம்பு வேறு எங்கெல்லாம் பிடிக்கும் என்றால், தொட்டால் கரண்ட் பாயும் இடம் எல்லாவற்றிலும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் அடியில் உள்ள பித்தளைப் பொட்டு, யு.எஸ்.பி. வாயின் தகடுகள், ஆக்ஸ் ஓட்டை. கடல் குளித்த ஈரக் கையோடு சார்ஜர் ஒயரைப் பிடுங்கிச் செருகுவதுதான் அதை விரைவாக்குகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்ததும் ஃப்யூஸை மாட்டுங்கள். தண்ணீர் வேண்டாம்; ஊதவும் வேண்டாம், மூச்சிலும் ஈரம்தான். தனுஷ்கோடி மணல் புகுந்திருந்தால் முதலில் கேபிளின் முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தட்டுங்கள், சாக்கெட்டை உலர்ந்த பிரஷால் பெருக்குங்கள். மணலோடு ஒயரைச் செருகித் தேய்த்தால் முலாம் போய்விடும். முலாம் போன இடத்தில்தான் களிம்பு முதலில் உட்காரும்.

பென் டிரைவும் பழைய பிளேயரும்

சிக்னல் இல்லாத இடத்தில் பென் டிரைவை மிஞ்ச எதுவுமில்லை. 192 கே.பி.பி.எஸ். தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஏழு எம்.பி. சொச்சம், 32 ஜி.பி.யில் நாலாயிரத்துக்கு மேல் கொள்ளும். அதற்கு மேல் பெரியது வாங்காதீர்கள். பெரியவை எக்ஸ்ஃபேட் முறையில் வரும். பழைய செட்டுகளுக்கு ஃபேட் 32 மட்டும்தான் படிக்கத் தெரியும், 'நோ ஃபைல்' என்று காட்டிவிட்டு நிற்கும். பல செட்டுகள் அகர வரிசையில் பாடாது. நீங்கள் எந்த வரிசையில் காப்பி செய்தீர்களோ அதே வரிசையில் பாடும். கோப்பின் பெயரை 001, 002 என்று தொடங்கி, அந்த வரிசையிலேயே ஏற்றுங்கள். தமிழ் எழுத்துரு இல்லாத செட்டில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும், அதைப் படிக்க முயல்வதும் கண்ணை எடுப்பதுதான். பாட்டுகளை மனசுக்குத் தகுந்தபடி ஐந்தாறு ஃபோல்டராகப் பிரித்துவைத்தால் ஸ்டியரிங் பட்டனிலேயே வேலை முடியும்.

பழைய ஐபாடையோ சின்ன எம்பி3 பிளேயரையோ இன்னும் வைத்திருப்பவர்கள் யு.எஸ்.பி.யில் மாட்டினால் சார்ஜ் மட்டும் ஏறிப் பாட்டு வராமல் போகலாம். பிளேயரின் மெனுவில் இணைப்பு முறையை 'எம்.எஸ்.சி.' என்று மாற்றினால் செட் அதைப் பென் டிரைவாக எடுத்துக்கொள்ளும். ஐபாட் அப்படி மாறாது. செட்டின் முகப்பில் ஐபாட் என்று எழுதியிருந்தால் பாடும், இல்லாவிட்டால் ஆக்ஸ்தான்.

எதுவாக இருந்தாலும் டேஷ்போர்டில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து வர மூன்று மணி நேரம் ஆகும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் கண்ணாடிக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக்கில் கை வைக்க முடியாது. லித்தியம் பேட்டரிக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவதே கேடு. பவர் பேங்கைச் சீட்டுக்கு அடியில்கூட வைக்காமல் கையோடு கொண்டுபோங்கள். ஓடும்போதும் மேப், பாட்டு, சார்ஜ் மூன்றும் சேர்ந்தால் போன் கொதித்து, திரையை மங்கலாக்கி, சார்ஜை நிறுத்திவிடும். கண்ணாடியில் ஒட்டும் ஸ்டாண்டைவிட ஏசி துவாரத்தில் மாட்டும் ஸ்டாண்டு இங்கே நல்லது; குளிர்ந்த காற்று போனின் முதுகில் படும். உறிஞ்சு ரப்பர் வெயிலில் இளகிப் பாதி வழியில் விழும். விழுந்த போனைக் குனிந்து எடுப்பதைவிட ஆபத்தான வேலை ஸ்டியரிங் முன்னால் இல்லை.

முகுந்தராயர் சத்திரத்துக்கு முன்னால்

ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இரு பக்கமும் கடல். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சிக்னல் மெலியும், சில இடத்தில் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ள, வரவேற்புக் குறுஞ்செய்தி வரும். இன்டர்நேஷனல் ரோமிங் திறந்திருந்தால் அந்த நெட்வொர்க்கைப் பயன்படுத்துவதற்குக் காசு போகும். புறப்படும் முன் ரோமிங் சுவிட்சை அணைத்துவிட்டு, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து உங்கள் நிறுவனத்தின் பெயரைக் கையால் தேர்ந்தெடுங்கள். பாட்டையும் மேப்பையும் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீமிங் நடுவில் நின்றால் கை மறுபடி போனுக்குப் போகும். சிக்னல் மெலிந்த இடத்தில் போன் தன் முழு பலத்தோடு கத்தும். 2ஜி-க்கு இறங்கிவிட்டால் ஆக்ஸ் கேபிளுக்குப் பக்கத்தில் இருக்கும் போன் ஸ்பீக்கரில் 'டட்-டட்-டட்' என்று தட்டும். போனைக் கேபிளிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

இவ்வளவு ஒழுங்கு செய்தபின்னும் பேச்சு பேச்சுதான். 2001-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் வில்லியம் ஜான்ஸ்டனும் ஓட்டுவதுபோன்ற வேலையைக் கொடுத்துச் சோதித்தார்கள். போனில் உரையாடியவர்கள் சிக்னலைத் தவறவிட்டது ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. பார்த்தவர்களும் தாமதமாகப் பிரேக் பிடித்தார்கள். கையில் பிடித்துப் பேசியதற்கும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசியதற்கும் வித்தியாசம் இல்லை. ரேடியோ கேட்டவர்களுக்கு அந்தப் பாதிப்பும் இல்லை. பாட்டு நம்மிடம் பதில் கேட்பதில்லை. போனில் இருப்பவர் கேட்கிறார், நமக்கு முன்னால் உப்பு லாரி பிரேக் போடுவது அவருக்குத் தெரியாது. பக்கத்துச் சீட்டில் இருப்பவர் அதைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவார்.

சட்டம் கையைத்தான் பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, கையில் பிடிக்கும் போனை ஓட்டும்போது பயன்படுத்துவது 184-ஆம் பிரிவில் ஆபத்தாக ஓட்டுவதாகும்: முதல்முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மறுபடி என்றால் அபராதம் 10,000, சிறை இரண்டு ஆண்டு வரை. 2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த விதி, ஓட்டுபவரின் கவனம் சிதறாதபடி வழி பார்க்க மட்டும் போனை அனுமதிக்கிறது.

ஆகவே ஹேண்ட்ஸ்ஃப்ரீயை ஒரு வாக்கியம் சொல்லும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "ஓட்டிட்டு இருக்கேன், மண்டபம் வந்ததும் கூப்பிடுறேன்." அவ்வளவுதான். பாம்பன் சாலைப் பாலம் சுமார் 2.3 கிலோமீட்டர், மணிக்கு 40-ல் போனால் மூன்றரை நிமிடம். ரயில் பாலத்தைப் பார்க்க ஆட்கள் இறங்கி நிற்பார்கள், செல்ஃபி எடுப்பவர் பின்னால் பார்க்காமல் ஓரடி வைப்பார். அந்த மூன்றரை நிமிடத்துக்குள் எடுத்தே ஆகவேண்டிய அழைப்பு அநேகமாக எதுவுமில்லை. ஏறும் முன்பே 'தொந்தரவு செய்யாதே' என்பதைப் போட்டுவிடலாம்.

ராமேஸ்வரத்தில் வாடகைக் காரில் ஏறி உங்கள் போனை அதன் செட்டில் ஜோடி சேர்த்தால், திரையில் 'தொடர்புகளைப் பகிரலாமா' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பாட்டுக்கு அது தேவையில்லை. சொல்லாமல் விட்டால் உங்கள் போனில் உள்ள பெயரும் எண்ணும் அந்தச் செட்டுக்குள் இறங்கிவிடும், அடுத்து ஏறுபவர் பார்க்கலாம். இறங்கும்போது செட்டின் ப்ளூடூத் பட்டியலில் உங்கள் போனின் பெயரைத் தேர்ந்து அழியுங்கள், போனிலும் அந்தக் காரின் பெயரை 'மறந்துவிடு' என்று கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் அடுத்த முறை இரண்டும் சேராமல் மல்லுக்கட்டும். பென் டிரைவை எடுத்துக்கொண்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள்.